இந்த வருசத்துச் சிறந்த விளையாட்டு வீரர் ஆர்? விருதுக் கதை கதைக்க முதல் விளங்க வேண்டிய கொஞ்சம்

டிசம்பர் மாசம் வந்தா கிளிநொச்சியிலயோ முல்லைத்தீவிலயோ மாங்குளத்திலயோ எந்தக் கழகத்துப் பெடியளோட இருந்தாலும் இந்தக் கதை ஒருக்கா எழும்பும், நாட்டின்ர இந்த வருசத்துச் சிறந்த விளையாட்டு வீரர் விருதெண்டா அது ஆருக்குப் போகோணும் எண்டு. ஒராள் கிரிக்கெட்காரரைச் சொல்லுவார், ஒராள் ஓட்டக்காரரைச் சொல்லுவார், பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒராள் ஏன் வலைப்பந்துப் பிள்ளையளின்ர பேரை ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டு கேப்பா, பிறகு சத்தம் கூடும், கடைசியில ஒண்டுக்கும் முடிவு வராமல் எல்லாரும் வீட்டை போயிடுவினம்.

முடிவு வராததுக்குக் காரணம் ஆக்களுக்கு விளையாட்டுத் தெரியாதெண்டது இல்லை, எங்கட பெடியளுக்கு ஸ்கோர் எல்லாம் நாக்கு நுனியில நிக்கும். ஒவ்வொருத்தரும் வேற வேற கேள்விக்கு மறுமொழி சொல்லிக்கொண்டு ஒரே கேள்விக்குத்தான் சொல்லுறம் எண்டு நினைக்கினம், அதுதான் சிக்கல். ஒராள் "ஆர் பெரிய வீரர்" எண்ட கேள்விக்குச் சொல்லுறார், மற்றவர் "ஆர் இந்த வருசம் நல்லாச் செய்தது" எண்டதுக்கு, இன்னொராள் "ஆர் கஷ்டப்பட்டு வந்தது" எண்டதுக்கு. மூண்டும் நல்ல கேள்வியள்தான், ஆனா மூண்டுக்கும் ஒரே பேர் மறுமொழியா வரோணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. இந்தக் கதையைப் புதுசாப் பாக்கத் தொடங்கிற ஆக்களுக்கு, முக்கியமா ஓ எல், ஏ எல் படிக்கிற பிள்ளையளுக்கு, எதை எதோட வைச்சு அளக்கிறது எண்டு எனக்கு விளங்கின மாதிரி எழுதுறன்.

முதல்ல பாக்க வேண்டியது விருதின்ர பேரை. "வருசத்துச் சிறந்த" எண்டு இருந்தா அந்த வருசம் ஜனவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் நடந்தது மட்டும்தான் கணக்கு. இது கேக்கச் சின்ன விசயம், ஆனா பாதி வாக்குவாதம் இதிலதான் பிழைக்குது. முரளியை எடுங்கோ. 2010 ஜூலையில காலியில இந்தியாவுக்கு எதிரா விளையாடின தன்ர கடைசி டெஸ்ட்டில, பிரக்யான் ஓஜாவை அவுட்டாக்கி 800 ஆவது விக்கெட்டை எடுத்தார், டெஸ்ட் வரலாற்றில வேற ஒருத்தரும் அந்த எண்ணுக்குக் கிட்ட வரேல்லை. அப்ப 2010 இன்ர சிறந்த வீரர் முரளிதான் எண்டு ஆருக்கும் சொல்லத் தோணும். ஆனா வடிவாப் பாத்தா அந்த வருசம் முழுக்க அவர் விளையாடினது அந்த ஒரே ஒரு டெஸ்ட், எடுத்தது 8 விக்கெட், மிச்சம் 792 உம் 1992 இல இருந்து கொஞ்சம் கொஞ்சமாச் சேத்தது. அதே முரளி 2006 இல 11 டெஸ்ட்டில 90 விக்கெட் எடுத்தவர். யோசிச்சுப் பாருங்கோ, ஒரு மட்சுக்கு எட்டு விக்கெட்டுக்கு மேல, அதுவும் ஒரு வருசம் முழுக்க. வருசத்து விருது எண்டா முரளிக்குப் பொருத்தமான வருசம் 2006, 2010 இல அவருக்குக் குடுக்க வேண்டியது வாழ்நாள் விருது. ரெண்டும் பெரிய மரியாதை, ஆனா ரெண்டும் ரெண்டு.

எங்கட பக்கத்துப் பழைய ஆக்கள் கதைச்சா எதிர்வீரசிங்கம் ஐயாவின்ர பேரும் கட்டாயம் வரும். 1958 இல டோக்கியோவில நடந்த ஆசிய விளையாட்டில உயரம் பாய்தலில தங்கம் எடுத்தவர், ஆசிய விளையாட்டில இந்த நாட்டுக்குக் கிடைச்ச முதல் தங்கமே அதுதான், ஒரு தமிழர் எடுத்தது. அதை இப்பத்தையப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறது எங்கட கடமை எண்டு நான் நினைக்கிறன். ஆனா இந்த வருசத்து விருதுக் கதைக்குள்ள அதை இழுத்துக்கொண்டு வந்தா ரெண்டு கதையும் கெட்டுப்போகும்.

வருசம் எண்டதிலயும் ஒரு முடிச்சு இருக்கு. சுசந்திகா ஜயசிங்க 2000 சிட்னி ஒலிம்பிக்கில 200 மீற்றரில மூண்டாவதா வந்து வெண்கலம் எடுத்தா. அந்த ஓட்டத்தை வெண்ட அமெரிக்காக்காரி மரியன் ஜோன்ஸ் 2007 இல தான் ஊக்கமருந்து பாவிச்சது உண்மைதான் எண்டு ஒத்துக்கொண்டா, பிறகு 2009 இல சுசந்திகாவின்ர வெண்கலம் வெள்ளியா மாறிச்சு. இப்ப அந்த வெள்ளி எந்த வருசத்துக் கணக்கு? என்னைக் கேட்டா 2000 தான். ஓடினது அந்த வருசம், கால் எரிஞ்சது அந்த வருசம், கடதாசி ஒன்பது வருசம் பிந்தி வந்ததுக்கு அவ என்ன செய்யிறது. பிந்தி வந்த நீதியால அந்த வருசத்துச் சந்தோசமும் மேடையும் அவவுக்குக் கிடைக்காமலே போனது, அதை நினைக்க இப்பவும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

சரி, வருசத்தை முடிவு பண்ணியாச்சு எண்டு வையுங்கோ. அடுத்தது தான் உண்மையாவே கஷ்டமான இடம், வேற வேற விளையாட்டை எப்படி ஒப்பிடுறது. பள்ளிக்கூடத்து இல்ல மெய்வல்லுநர் போட்டி எல்லாருக்கும் தெரியும்தானே. அதில ஒரு வயசுப் பிரிவில ஆர் கூடப் புள்ளி எடுக்கினமோ அவையளுக்குச் சிறந்த மெய்வல்லுநர் கிண்ணம், எல்லாரும் ஒரே கிரவுண்ட், ஒரே நாள், ஒரே புள்ளிமுறை, ஆசிரியர் கூட்டிப் பாத்து அறிவிச்சா முடிஞ்சுது. அங்கயே கூட 100 உம் 200 உம் நீளம் பாய்தலும் வெண்ட பிள்ளையா, 1500 மீற்றரில பள்ளிக்கூடத்துச் சாதனையை முறிச்ச பிள்ளையா எண்டு தாய் தகப்பன்மார் கதைக்கிறவை. நாட்டளவில எண்டா புள்ளியைக் கூட்டவே ஏலாது, ஏனெண்டா ஒரு விக்கெட்டுக்கும் ஒரு மீற்றருக்கும் நடுவில ஒரு கணக்கும் இல்லை.

அதால நான் பாக்கிறது மூண்டு விசயம். அந்த விளையாட்டில உலகத்தில எவ்வளவு பேர் அதே இடத்துக்குப் போட்டி போடினம், அவையளுக்குள்ள இவர் எவ்வளவு முன்னுக்கு நிக்கிறார், அதை எந்த மேடையில செய்தார். இந்த மூண்டையும் ஒரு உண்மையான வருசத்தில வைச்சுப் பாத்தாத்தான் விளங்கும், 2022 ஐ எடுப்பம்.

அந்த வருசம் செப்டெம்பர் 11 ஞாபகம் இருக்கோ? நாடு எரிபொருள் வரிசையில நிண்டு களைச்சுப் போயிருந்த வருசம், அந்த ஒரே நாளில துபாயில ஆண்கள் கிரிக்கெட் அணி பாகிஸ்தானை 23 ஓட்டத்தால வெண்டு ஆசியக் கிண்ணம் எடுத்தது, சிங்கப்பூரில வலைப்பந்து அணி சிங்கப்பூரையே 63 க்கு 53 எண்டு வெண்டு ஆசியச் சம்பியன் ஆனது. கிரிக்கெட்டில வனிந்து ஹசரங்க தொடர் நாயகன், பிறகு அதே வருசம் ரி20 உலகக் கிண்ணத்திலயும் 15 விக்கெட் எடுத்து எல்லாரிலும் கூட எடுத்தவர் அவர்தான். இதுக்கு முதல் ஜூலை 3 இல யுபுன் அபேகோன் சுவிற்சர்லாந்தில 100 மீற்றரை 9.96 செக்கனில ஓடினார். தென்னாசியாவில இருந்து 10 செக்கனுக்குள்ள ஓடின முதல் ஆள். ஓகஸ்டில பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில 10.14 இல ஓடி வெண்கலம், வெள்ளி எடுத்தவர் ஓடினது 10.13, ஒரு செக்கனின்ர நூறில ஒரு பங்கு.

இதில ஆர்? கிரிக்கெட்டில உலகக் கிரிக்கெட் சபையான ஐசிசியின்ர முழு அங்கத்துவ நாடு 12 தான். மெய்வல்லுநரில உலகச் சம்மேளனத்தில 200 க்கு மேல நாடு இருக்கு, 100 மீற்றர் ஓட்டம் எண்டது செருப்பே இல்லாத பிள்ளையும் ஓடிப் பாக்கிற விளையாட்டு, அதில 10 செக்கனுக்குள்ள போறது எண்டா மனுசர் எத்தினை கோடி பேர் ஓடிப்பாத்து வடிகட்டி மிஞ்சின கொஞ்சப் பேரோட போய் நிக்கிறது. எண்டாலும் நாட்டுக் கணக்கை மட்டும் பாத்தாலும் பிழை வரும். கிரிக்கெட்டில நாடு குறைவுதான், ஆனா இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் மூண்டிலயும் அதை விளையாடுற பெடியளின்ர எண்ணிக்கையை நினைச்சுப் பாருங்கோ, அங்க அணிக்குள்ள ஒரு இடம் பிடிக்கிறதே ஒரு யுத்தம், அப்படி வந்த அணியளைத்தான் ஹசரங்க சுருட்டினது. இன்னொண்டும் பாக்கோணும், யுபுன் 9.96 ஓடின லா ஷோ டு ஃபோன் எண்ட ஊர் கடல் மட்டத்தில இருந்து கிட்டத்தட்ட 1000 மீற்றர் உயரத்தில இருக்கு, உயரத்தில காத்து அடர்த்தி குறைவு எண்டபடியா வேக ஓட்டக்காரருக்கு ஒரு சின்ன உதவி இருக்கும். சாதனை சாதனைதான், அதில ஒரு குறையும் இல்லை, ஆனா ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வாறபோது அது எங்க, எப்படி வந்தது எண்டும் சேத்துச் சொல்லுறதுதான் நேர்மை.

2022 க்கு என்ர தெரிவு யுபுன். ஹசரங்கவைப்போல ஒரு பந்துவீச்சாளர் இந்த நாட்டில முதலும் வந்திருக்கினம், இனியும் வருவினம். அந்த 9.96 ஐ இந்தியாவில ஒருத்தரும் ஓடியிருக்கேல்லை, பாகிஸ்தானில ஒருத்தரும் ஓடியிருக்கேல்லை, இந்தப் பக்கத்து நாடுகள் எல்லாத்தையும் சேத்தாலும் முதல் ஆள். அதோட பொதுநலவாயப் பதக்கமும் சேருது, அதால அது ஒரு நாள் அதிட்டம் எண்டு தள்ளவும் ஏலாது.

குழு விளையாட்டுக்கு வந்தா கணக்கு இன்னும் குழம்பும். பதினொரு பேர் வெண்டதை ஒராளின்ர பேரில எழுதலாமோ? 1996 உலகக் கிண்ணத்தைப் பாருங்கோ. அரவிந்த டி சில்வா தொடர் முழுக்க 448 ஓட்டம், லாகூர் இறுதியாட்டத்தில ஆட்டமிழக்காமல் 107, அதோட 3 விக்கெட். சனத் ஜயசூரிய தொடரில 221 ஓட்டம், 7 விக்கெட். எண்ணை மட்டும் பாத்தா அரவிந்ததான் நல்லா முன்னுக்கு நிக்கிறார், ஆனா தொடர் நாயகன் விருது போனது சனத்துக்கு. ஏன்? முதல் 15 ஓவரிலயே எதிரணியை உடைக்கிற ஒரு விளையாட்டு முறையை அவர் அந்தத் தொடரில உலகத்துக்குக் காட்டினார், மற்ற அணியள் எல்லாம் அவருக்காகத் தங்கட திட்டத்தை மாத்த வேண்டி வந்தது. அப்ப தெரிவு செய்தவை எண்ணிக்கையை விடத் தாக்கத்தைப் பாத்திருக்கினம். அது சரியோ எண்டு இண்டைக்கும் கதைக்கலாம், நான் அரவிந்த பக்கம்தான், இறுதியாட்டத்தில அப்படி ஒராள் நிண்டு வெண்டு குடுக்கிறது லேசுப்பட்ட காரியமே இல்லை.

வலைப்பந்தில இது இன்னும் கூர்மையா இருக்கும். அந்த விளையாட்டில ஒரு அணியில ஏழு பேர், அதில கோல் அடிக்க உரிமை இருக்கிறது ரெண்டே ரெண்டு பேருக்குத்தான், கோல் சூட்டரும் கோல் அற்றாக்கும். தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குல உயரத்தில நிண்டு பந்தை வளையத்துக்குள்ள போடுறதைப் பாக்கிறபோது எங்களுக்கு நெஞ்சு நிமிரும், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 2009 இலயும் 2018 இலயும் ஆசியக் கிண்ணம் எடுத்த அணியில இருந்தவ, வெளிநாட்டுக் கழகங்களுக்கும் போய் விளையாடினவ. அவவின்ர பேர் எந்த விருதுப் பட்டியலிலயும் வர வேண்டியதுதான். ஆனா அந்தப் பந்தை எதிரணி ஆக்களின்ர கைக்கு மேலால, சரியான உயரத்துக்கு, சரியான நேரத்தில எறிஞ்சு குடுக்கிற சென்ரர் பிள்ளையின்ர பேர் எங்களில எத்தினை பேருக்குத் தெரியும்? ஸ்கோர் புத்தகத்தில ஏறாத வேலையையும் பாக்கப் பழகோணும், அதுக்கு மட்சைப் பாக்கோணும், ரிசல்ட்டை மட்டும் பாத்தாக் காணாது.

இப்ப பரா விளையாட்டு, அதாவது உடல் பாதிப்பு இருக்கிற ஆக்களுக்கான விளையாட்டு. இதில கொஞ்சம் கூட நேரம் நிக்கப்போறன், ஏனெண்டா எங்கட வன்னியில கால், கை இழந்த ஆக்கள் இல்லாத ஊர் ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம். அப்படி இருக்கிற ஒரு மண்ணில இருந்துகொண்டு "அது வேற, இது வேற" எண்டு பராலிம்பிக் பதக்கத்தைத் தள்ளி வைக்கிறதை என்னால ஏற்க ஏலாது. 2024 பாரிஸ் பராலிம்பிக்கில சமித்த துலான் ஈட்டி எறிதலில 67.03 மீற்றர் எறிஞ்சார். அது உலக சாதனை. ஆனா கிடைச்சது வெள்ளி. இதென்ன, உலக சாதனை செய்தவருக்கு ஏன் தங்கம் இல்லை எண்டு கன பேர் கேட்டவை, இது விளங்கினா பரா விளையாட்டே பாதி விளங்கும். பரா மெய்வல்லுநரில உடல் நிலையைப் பொறுத்து ஆக்களைப் பிரிவு பிரிவாப் பிரிப்பினம். துலான் எஃப்44, அதாவது காலில பாதிப்பு இருக்கு, ஆனா செயற்கைக் கால் போடாமல் எறியிற ஆக்கள். எஃப்64 எண்டது முழங்காலுக்குக் கீழ இல்லாமல் செயற்கைக் கால் போட்டு எறியிற ஆக்கள். பாரிசில ரெண்டு பிரிவையும் ஒரே போட்டியாச் சேத்து வைச்சவை. இந்தியாவின்ர சுமித் அன்டில் எஃப்64 காரர், அவர் 70.59 எறிஞ்சு தங்கம் எடுத்தார். அதால துலான் தன்ர பிரிவில உலகத்தில அதுவரைக்கும் ஒருத்தரும் எறியாத தூரத்தை எறிஞ்சும், அந்தப் போட்டியில ரெண்டாவது. பதக்கத்தின்ர நிறத்தை மட்டும் பாத்து "வெள்ளிதானே" எண்டா அந்த எறியின்ர பெறுமதியே தெரியாமல் போயிடும். இதுக்கு முதல் டோக்கியோ பராலிம்பிக்கில தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டி எறிதலில வேற ஒரு பிரிவில 67.79 மீற்றர் எறிஞ்சு உலக சாதனையோட தங்கமே எடுத்தவர், பராலிம்பிக்கில இந்த நாட்டின்ர முதல் தங்கம் அது.

பரா போட்டியில ஒரு பிரிவில போட்டி போடுறவையின்ர தொகை குறைவுதானே எண்டு கேட்டா, ஓம், குறைவு. அதை மறைக்கத் தேவையில்லை. முதல் சொன்ன மூண்டு விசயத்தில ஒண்டில மார்க் குறையும், மற்ற ரெண்டிலயும் நிறைய வரும், அவ்வளவுதான். எல்லா விளையாட்டுக்கும் அதே மாதிரித்தான், ஒண்டில கூட, ஒண்டில குறைய.

அடுத்தது, ஆர் தெரிவு செய்யிறது எண்டது. இதைப் பாக்காமல் முடிவைத் திட்டுறதில அர்த்தம் இல்லை. சில விருது சனம் வாக்குப் போட்டு, சிலது நடுவர் குழு இருந்து, சிலது புள்ளி போட்டு. சனம் வாக்குப் போட்டா என்ன நடக்கும் எண்டதுக்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தில பிபிசி குடுக்கிற வருசத்து விளையாட்டு வீரர் விருது, 1954 இல தொடங்கினது. அந்த வருசம் மே 6 இல ஒக்ஸ்ஃபோர்டில ரொஜர் பானிஸ்டர் ஒரு மைலை 4 நிமிசத்துக்குள்ள ஓடின முதல் மனுசன் ஆனார், 3 நிமிசம் 59.4 செக்கன், மனுசரால ஏலாது எண்டு கன பேர் நினைச்சிருந்த விசயம். ஆனா முதல் பிபிசி விருது அவருக்குப் போகேல்லை. அதே ஓட்டத்தில அவருக்கு வேகம் பிடிச்சுக் குடுத்த கிறிஸ் சற்றவேக்குப் போனது. சற்றவே ஒக்டோபரில லண்டனில சோவியத் வீரர் குட்ஸை 5000 மீற்றரில வெண்டு உலக சாதனை செய்தார், அதைச் சனம் ரீவியில நேரடியாப் பாத்தது, வாக்கு அதுக்குக் கிட்டின நேரத்தில நடந்தது. கிட்டடியில நடந்ததும் கண்ணால கண்டதும்தான் மனசில நிக்கும், ஜனவரி பெப்ரவரியில சாதிச்ச பிள்ளையை டிசம்பரில ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. அதுக்கு மேல, ரீவியில காட்டாத விளையாட்டுக்கு ஆர் வாக்குப் போடுறது? கிரிக்கெட்டை இரவு பகலாக் காட்டினம், தேசிய மெய்வல்லுநர் போட்டியில கோலூன்றிப் பாயிற பிள்ளையை எங்க காட்டினம்?

புள்ளி போட்டாச் சரியாயிடுமோ எண்டா அதிலயும் சிக்கல். இந்தியாவில விளையாட்டுக்குக் குடுக்கிற பெரிய விருதான கேல் ரத்னாவுக்கு ஒரு புள்ளிமுறை வைச்சிருந்தவை, ஒலிம்பிக் தங்கத்துக்கு 80, வெள்ளிக்கு 70, வெண்கலத்துக்கு 55 எண்டு. நல்ல முறைதான், ஒளிவு மறைவு இல்லை. ஆனா கிரிக்கெட் மாதிரி விளையாட்டுக்கு அந்த அட்டவணையில புள்ளி இல்லை. 2018 இல விராட் கோலிக்கும் பளு தூக்குற மீராபாய் சானுவுக்கும் சேத்து விருது குடுத்தவை, மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா தனக்குக் கூடப் புள்ளி இருக்கேக்க இது எப்படி எண்டு பகிரங்கமாக் கேட்டார். அவர் கேட்டதில நியாயம் இருந்தது. 2025 ஜனவரியில அதே விருதை நாலு பேருக்குக் குடுத்தவை, துப்பாக்கி சுடுற மனு பாக்கர், ஹொக்கி ஹர்மன்பிரீத் சிங், பரா உயரம் பாயிற பிரவீன் குமார், அதோட 18 வயசில சதுரங்க உலகச் சம்பியனான எங்கட சென்னைப் பெடியன் குகேஷ். சதுரங்கத்தையும் மல்யுத்தத்தையும் ஒப்பிட ஏலாதெண்டா சேத்துக் குடுக்கிறது ஒரு வழிதான், எண்டாலும் நாலு பேரெண்டா "சிறந்த" எண்ட சொல்லு கொஞ்சம் மெலிஞ்சு போகுது எண்டு எனக்குப் படுது. ரெண்டு பேர் வரைக்கும் சரி.

எங்கட நாட்டில பள்ளிக்கூடக் கிரிக்கெட்டுக்கு ஒப்சேவர் பத்திரிகையின்ர விருது கன காலமா நடக்குது, அதில நடுவர் தெரியிற சிறந்த வீரர் வேற, சனம் வாக்குப் போடுற பிரபலமான வீரர் வேற எண்டு ரெண்டாப் பிரிச்சு வைச்சிருக்கினம். எனக்கு இது பிடிக்கும். சனத்தின்ர ஆசைக்கும் ஒரு இடம், வேலைக்கும் ஒரு இடம். சனத்தொகை குறைஞ்ச மாவட்டத்தில, தமிழ் மட்டும் தெரிஞ்ச வீட்டில பிறந்த பிள்ளைக்கு வாக்கில வெல்லுறது எவ்வளவு கஷ்டம் எண்டு வன்னியில இருக்கிற எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம்.

அதுக்காக ஊர்ப்பாசத்தை மார்க்காப் போடலாமோ? இதில நான் கொஞ்சம் கண்டிப்பா இருக்கிறன். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயசு தாண்டி 2023 இல பிலிப்பைன்சுக்குப் போய் மூத்தோர் மெய்வல்லுநரில தங்கம் எடுத்துக்கொண்டு வந்தா, முல்லைத்தீவே திரண்டு நிண்டு வரவேற்றது. கரிப்பட்டமுறிப்புப் பிள்ளை இந்துகாதேவி 2022 தொடக்கத்தில லாகூரில உதைக் குத்துச்சண்டையில (கிக் பொக்சிங்) தங்கம் எடுத்தா. ரெண்டு பேரையும் நினைக்க எனக்குச் சந்தோசத்தில தொண்டை அடைக்கும். எண்டாலும் நாட்டின்ர வருசத்து விருதுக்கு இவையளை வைக்கிறதெண்டா அதே மூண்டு கேள்வியையும்தான் கேக்கோணும், எங்கட ஆக்கள் எண்டதுக்காக அளவுகோலை வளைச்சா நாளைக்கு உண்மையாவே தகுதியான ஒரு வன்னிப் பிள்ளை வாறபோது "உங்கட ஆக்களுக்கு நீங்கள் அப்படித்தான்" எண்டு ஒரு சொல்லால தள்ளி விட்டிடுவினம்.

கஷ்டம் எண்டதை எங்க வைக்கிறது எண்டு கேப்பியள். புழுதித் தரையில ஓடிப் பழகின பிள்ளை இரவு பஸ் ஏறி 300 கிலோமீற்றருக்கு மேல இருந்து போய், விடிய இறங்கி, கொழும்பு சுகததாச விளையாட்டரங்கில சிந்தெற்றிக் தடத்தில, தினமும் அதில ஓடுற பிள்ளையளோட ஓடுது. அது சமமான போட்டி இல்லை, சத்தியமா இல்லை. ஆனா அதுக்கான மருந்து வருசக் கடைசியில ஒரு விருது குடுக்கிறதில இல்லை, அந்தப் பிள்ளைக்கு இஞ்சயே ஒரு தடமும் ஒரு பயிற்சியாளரும் மட்ச் இல்லாத நாளிலயும் சாப்பாடும் குடுக்கிறதில இருக்கு. அதோட வளரும் வீரர், துணிச்சல், சேவை எண்டு தனித்தனி விருதும் வைக்கலாம். கன நாட்டில வைச்சிருக்கினம்.

இப்ப எல்லாத்தையும் சேத்து 2024 ஐ ஒருக்காச் செய்து பாப்பம். என்ர பட்டியலில மூண்டு பேர். கமிந்து மெண்டிஸ் அந்த வருசம் டெஸ்ட்டில 5 சதம் அடிச்சார், அதில ரெண்டு சில்ஹெட்டில ஒரே மட்சில, 1000 ஓட்டத்தை 13 இனிங்ஸில எடுத்து அவுஸ்திரேலியாவின்ர பழைய பெரிய துடுப்பாட்டக்காரர் பிராட்மனுக்குச் சமமா வந்து நிண்டார். சமரி அத்தபத்து ஏப்ரலில தென்னாபிரிக்காவுக்கு எதிரா அவுட்டாகாமல் 195 அடிச்சு 302 எண்ட இலக்கைத் தாண்ட வைச்சா, பெண்கள் ஒருநாள் கிரிக்கெட்டில அதுவரை ஒரு அணியும் துரத்தி எடுக்காத எண், பிறகு ஜூலையில தம்புள்ளையில இந்தியாவையே வெண்டு முதல் தடவையா ஆசியக் கிண்ணம், தொடரில 304 ஓட்டம், தொடர் நாயகி. மூண்டாவது துலான், பாரிஸ் வெள்ளி, உலக சாதனை.

கமிந்துவை முதல்ல பட்டியலில இருந்து எடுத்து விடுறன், துடுப்பாட்டம் அற்புதம், ஆனா மற்ற ரெண்டு பேரின்ரயும் மாதிரி ஒரு பெரிய மேடையில வந்த வெற்றி அதில இல்லை. சமரிக்கும் துலானுக்கும் நடுவில நான் கன நேரம் யோசிச்சனான். சமரியின்ர பக்கம் வருசம் நீளமானது, ரெண்டு வகைக் கிரிக்கெட்டிலயும் சாதனை, அணித்தலைவி எண்ட பாரம் வேற. அவவுக்கு எதிரா நிக்கிறது ஒக்டோபர் ரி20 உலகக் கிண்ணம், அங்க எங்கட அணி விளையாடின நாலு மட்சும் தோல்வி, உலக மேடை எண்டு பாக்கிறபோது அது கணக்கில வரத்தான் செய்யும். துலானின்ர பக்கம் ஒரே ஒரு நாள், ஆனா நாலு வருசத்துக்கு ஒருக்கா வாற மேடை, தன்ர பிரிவில உலகத்தில எவருமே தொடாத தூரம், அதுவும் வேற பிரிவுக்காரரோட சேந்து நிண்டு எறிஞ்சது. பெண்கள் கிரிக்கெட்டில உண்மையாப் போட்டி போடக்கூடிய அணியளும் குறைவுதான் எண்டபடியா போட்டியாளர் தொகையில ரெண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் போட ஏலாது. அதால என்ர 2024 விருது சமித்த துலானுக்கு, ரெண்டாவது சமரி. நீங்கள் சமரிதான் எண்டு சொன்னா அதுக்கும் நல்ல நியாயம் இருக்கு, ஆனா மூண்டில எதுக்கு எவ்வளவு பாரம் குடுத்தனீங்கள் எண்டும் சேத்துச் சொல்லுங்கோ, அப்பத்தான் கதைக்கலாம்.

பழகிப் பாக்க ஆசையெண்டா 2023 ஐ நீங்களே செய்து பாருங்கோ. தருஷி கருணாரத்ன, 18 வயசு, ஜூலையில பாங்கொக் ஆசியச் சம்பியன்ஷிப்பில 800 மீற்றரில தங்கம், பிறகு ஹாங்சோ ஆசிய விளையாட்டில 2 நிமிசம் 3.20 செக்கனில இன்னொரு தங்கம், 2002 க்குப் பிறகு ஆசிய விளையாட்டு மெய்வல்லுநரில இந்த நாட்டுக்குக் கிடைச்ச முதல் தங்கம். மற்றப் பக்கம் அதே சமரி, நியூசிலாந்தை ஒருநாள் தொடரில வெண்டு, அதில ரெண்டு சதம் அடிச்சு, உலகத் தரவரிசையில முதலாவதா வந்து, ஐசிசியின்ர அந்த வருசத்துச் சிறந்த ஒருநாள் வீராங்கனை ஆனது. நான் தருஷிக்குத்தான் குடுப்பன். நீங்கள்?